நெட்டையின் இடத்துக்கு வந்த விசா

விமானப் பயிற்சிப் பள்ளியில் அவளை எல்லோரும் பொடி என்றே கூப்பிட்டார்கள். அடியில் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் பயிற்சி விமானத்தின் மூக்குக்கு மேலாக அவளால் எதிரே பார்க்க முடியும். ஒரே அறையில் அவளோடு தங்கியிருந்தவள் நெட்டை. அவளுக்கு நேர்மாறான தொல்லை. ஏறும்போதெல்லாம் முழங்கால் எதிலாவது இடிக்கும். இருவரும் ஒரே ஊர்க்காரிகள், ஒரே மொழிக்காரிகள். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள அந்த அந்நிய நாட்டுக்கு வந்தவர்கள்.

பொடியின் அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். "என் பொண்ணு மேல ஓட்டுவா. சிக்னல் தொல்லையே கிடையாது" என்று அவர் சொல்லிச் சொல்லி டிப்போவில் சகாக்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

படிப்பு முடிந்து உரிமம் வந்தும் வேலை வரவில்லை. இன்னும் நிறையப் பறந்த அனுபவம் வேண்டும் என்றன விமான நிறுவனங்கள். அதைச் சேர்க்க நல்ல வழி ஒன்றுதான் இருந்தது. படித்த பள்ளியிலேயே பயிற்சியாளராகச் சேர்ந்து, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தபடியே பறப்பது. ஆனால் படிக்க வந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. வேலை விசா வேண்டுமென்றால் பள்ளி பொறுப்பேற்க வேண்டும். அந்த வருடம் வெளிநாட்டவருக்கென்று பள்ளிக்கு ஒரே ஒரு இடம்தான் அனுமதித்திருந்தார்கள்.

அந்த இடம் நெட்டைக்குக் கிடைத்தது. பொடி அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"ஏய், அழுது முடிச்சிட்டேன்னா வெளிய வா. எனக்கும் முகம் கழுவணும்."

"நான் ஒண்ணும் அழலை."

"சரி, அழாம முடிச்சிட்டு வா."

உள்ளே பொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெட்டையோடு யாராலும் முழுசாகக் கோபித்துக்கொள்ள முடியாது.

நெட்டையின் விசா விண்ணப்பம் போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த சிறிய விமான நிலையத்தில் பழுதுபார்க்க விட்டிருந்த ஒரு விமானத்தை ஓட்டிவர அவளை அனுப்பினார்கள். தெரிந்த பாதை. மத்தியானம் அங்கிருந்து அதை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். பொடி அலுவலக அறையில் நின்று, அடுத்த நாள் யார் எந்த விமானத்தில் பறக்கிறார்கள் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். அலமாரியில் ரேடியோ எப்போதும் போலத் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

விமானங்களுக்கு வழிசொல்லும் டவர்காரரின் குரல் நெட்டையிடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறாள் என்று கேட்டது. விமானிகள் எல்லோருக்கும் தெரிந்த குரல். யாரும் முகம் பார்த்ததில்லை.

"ஸ்டாண்ட்பை" என்றாள் நெட்டை.

ரேடியோ பாஷையில் அதற்கு 'கைவேலையாக இருக்கிறேன், பொறுங்கள், நானே கூப்பிடுகிறேன்' என்று பொருள். விமானி அப்படிச் சொன்னால் குறுக்கே பேசக் கூடாது. டவர்காரர் பொறுத்தார். பிறகு கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். பொடி பேனாவைப் பலகையில் வைத்தபடியே நின்றாள். நெட்டையின் பேரில் பாதியை எழுதியிருந்தாள்.

மலைச்சரிவில் மேகம் விலகிய பிறகுதான் தேடிப் போக முடிந்தது.

நெட்டையின் அண்ணன் வந்தார். மருத்துவமனையில் தங்கையின் உடலை வாங்கும் வேலைகளை முடித்துக்கொண்டு அறைக்கு வந்து, அவளுடைய துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கினார். காலணிகள் மட்டும் பெட்டியில் அடங்கவில்லை; அவ்வளவு நீளம். அவற்றைக் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

பெரிய சார் என்று பள்ளியில் எல்லோரும் சொல்லும் தலைமைப் பயிற்சியாளர் பொடியை அழைத்தார்.

"இதைக் கேக்கவே வாய் கூசுது. உன் படிப்பு விசா முடியப் போகுது. அந்த இடம் இருக்கு. உனக்குச் சம்மதமா?"

சம்மதம் என்றாள். சொன்ன வேகம் அவளுக்கே பிடிக்கவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னாள்.

"அந்தப் பொண்ணோட இடமா?"

"ஆமாம்மா."

"வேற இடமே இல்லையா?"

"இல்லம்மா."

"அப்ப சரி. பாத்து இரு" என்றாள் அம்மா. சந்தோஷமா என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் விசா அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நெட்டை தன் விண்ணப்பத்தில் இரண்டாவது எண்ணாகப் பொடியின் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

"உங்க தோழியோட வேலை விசா தயாரா இருக்கு. அவங்க போன் அணைஞ்சிருக்கு. பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள் அங்கிருந்து பேசிய பெண்.

"அவங்க இல்லைங்க."

"எப்ப வருவாங்க?"

பொடி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள், உண்மையாகவே வருந்தினாள். ஆனால் விதி விதிதான். பள்ளிக்கு இருந்த ஒரே இடம் நெட்டையின் பேரில் நிரம்பிவிட்டது. இறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து அதை ரத்து செய்தால்தான் அடுத்த விண்ணப்பத்தை எடுப்பார்கள்.

சான்றிதழ் நெட்டையின் அண்ணனிடம் இருந்தது. அதற்காக அவரைக் கூப்பிட வேண்டும் என்பதை நினைத்துப் பொடி இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் கூப்பிட்டாள்.

"அண்ணா, எனக்கு ஒரு உதவி வேணும்" என்று தொடங்கி, தடுமாறி, ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

"இன்னிக்கே அனுப்பறேம்மா" என்றார். பிறகு, "நீ அன்னிக்கு ரேடியோ பக்கத்துல இருந்தியாமே. கடைசியா என்ன சொன்னா?"

"ஸ்டாண்ட்பைன்னு சொன்னா."

"அப்படின்னா?"

"கொஞ்சம் பொறுங்க, நானே கூப்பிடறேன்னு அர்த்தம்ண்ணா."

"கூப்பிடறேன்னுதான் சொல்லியிருக்கா" என்றார். அவ்வளவுதான். சான்றிதழ் அன்றே வந்துவிட்டது.

விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அதை வாங்கிப் படித்தார். பொடியின் விண்ணப்பத்தையும் படித்தார். அதே வேலை, அதே பள்ளி, அதே அறை முகவரி. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"இந்த அறையிலதான் இன்னும் இருக்கீங்களா?"

"ஆமா சார்."

வேறெதுவும் கேட்காமல் நெட்டையின் விசாவை ரத்து செய்தார். கண்ணாடியின் கீழே கருவியைத் தள்ளி, "விரலை வைங்க" என்றார். பொடியின் விரல் ஈரமாக இருந்ததால் ரேகை பதியவே இல்லை. துடைத்துத் துடைத்து வைக்க வேண்டியிருந்தது.

மிச்சம் இருந்தது மருத்துவப் பரிசோதனை. அதற்குள் அவளுக்கு அந்தக் குரல் கேட்கத் தொடங்கியிருந்தது. மலைப்பக்கம் பறக்கும்போது காதில் மாட்டிய ஹெட்போனில், இரைச்சலுக்கு நடுவே, நெட்டையின் குரலில் அந்த ஒரே வார்த்தை. முதல் தடவை யாரோ வேறு விமானி என்று நினைத்தாள். அப்போது வானத்தில் வேறு விமானமே இல்லை என்று பிறகு தெரிந்தது.

"டாக்டர்கிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதே. காலம் பூரா தரையிலதான் உட்காரணும்" என்று பயிற்சி மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது வழக்கம். டாக்டர் கேள்விகளை வரிசையாகக் கேட்டார். தலைவலி உண்டா, மயக்கம் உண்டா, தூக்கம் வருகிறதா, இல்லாத குரல் ஏதாவது காதில் கேட்கிறதா.

"இல்லை" என்றாள்.

விசா வந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அந்தத் தாளை அப்பாவுக்குப் படமெடுத்து அனுப்பினாள். அவர் டிப்போ முழுக்கக் காட்டினார்.

அவளுடைய முதல் மாணவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பல் டாக்டர். இத்தனை வருஷம் அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்தாகிவிட்டது, இனி கொஞ்சம் வெளியே பார்க்கலாம் என்று வந்ததாகச் சொன்னார். நிதானமான மனிதர். ஒரு தெளிவான காலையில் இருவரும் மலைப்பக்கம் பறந்துகொண்டிருந்தார்கள். மலை கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. திரும்பும் இடத்தை அவள் சொல்ல வேண்டும்.

"ஸ்டாண்ட்பை" என்றது குரல்.

பொடி பொறுத்தாள். பொறு என்றால் பொறுக்க வேண்டும். அவள் கற்ற பழக்கம் அது. கைகள் மடியில் கிடந்தன. கண்ணாடிக்கு எதிரே மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

"டீச்சர், திரும்பணும் இல்லையா?" என்றார் பல் டாக்டர். "டீச்சர்?" இன்னொரு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, அவரே விமானத்தைத் திருப்பினார். கொஞ்சம் கோணலாகத்தான் திருப்பினார், ஆனால் திருப்பிவிட்டார். இறக்கை சாய்ந்தபோதுதான் பொடிக்குச் சுய நினைவு வந்தது.

இறங்கியதும் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. "உடம்பைப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

பொடி நேராகத் தன்னைப் பரிசோதித்த டாக்டரிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"சொன்னா விசா கிடைக்காதுன்னு."

"இப்ப சொன்னதுக்கு உங்க உரிமமே போகலாம். தெரியுமா?"

"தெரியும் டாக்டர். அவர் திருப்பலேன்னா அவரும் செத்திருப்பார்."

பறக்கக் கூடாது என்று எழுதிக்கொடுத்தார். மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். பெரிய சார் கோபத்தில் மேஜையைத் தட்டினார், பிறகு அவளை வகுப்பறைக்கு மாற்றினார். பயிற்சியாளர் என்றால் கரும்பலகைப் பாடமும் சேர்த்திதான், விசாவுக்கு அது போதும் என்று விசாரித்து வைத்திருந்தார். ரேடியோவில் எப்படிப் பேசுவது என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வார்த்தையை மட்டும் கடைசி வகுப்புக்குத் தள்ளிக்கொண்டே போனாள்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வாசலில் ஒருவர் நின்றிருந்தார். ஒல்லியான ஆள், கையில் சாப்பாட்டுப் பை. வாயைத் திறந்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். டவர்காரர்.

"உங்க குரலை மேல கேட்டு ரொம்ப நாளாச்சு. என்னன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் தனக்கு நடந்ததைச் சொன்னாள். அவர் குறுக்கிடவே இல்லை.

"விபத்து விசாரணையில என்கிட்ட எவ்வளவு நேரம் பொறுத்தீங்கன்னு கேட்டாங்க" என்றார் பிறகு. "சரியாத்தான் பொறுத்திருக்கீங்கன்னு எழுதியும் குடுத்துட்டாங்க. ஆனா எனக்கு இன்னும் ஒரு அழைப்பு பாக்கி இருக்கு. சாப்பிட எழுந்தாக்கூட இந்த நேரத்துல உங்க தோழி கூப்பிட்டுட்டா என்ன பண்றதுன்னு தோணும்."

"உங்களுக்கும் கேக்குதா சார்?"

"குரல் கேட்டாத் தேவலையே. எனக்கு அதுக்கப்புறம் இருந்த அமைதிதான் கேக்குது."

பொடி அன்றுதான் நெட்டைக்காக முதல்முறையாக அழுதாள். அவர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் மறுபடி பறக்க அனுமதித்தபோது மழைக்காலம் வந்து போயிருந்தது. குரல் நின்றுவிட்டதா என்று அவர் கேட்டார். குறைந்திருக்கிறது, நிற்கவில்லை என்று உள்ளதைச் சொன்னாள். கேட்டால் என்ன செய்வீர்கள் என்றார். காத்திருக்க மாட்டேன், கையில் இருக்கும் வேலையைப் பார்ப்பேன் என்றாள். முதலில் இன்னொரு பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பறக்கவிட்டார்கள். பிறகு தனியாக.

இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். விசாவைப் புதுப்பித்தாகிவிட்டது. நிறுவனங்கள் கேட்ட அனுபவம் எப்போதோ சேர்ந்துவிட்டது. ஊரில் ஒரு நிறுவனம் கூப்பிட்டும் பார்த்தது. ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறாள். மலைப்பக்கம் அவளே மாணவர்களைக் கூட்டிப் போகிறாள். சரிவில் துளி மேகம் தெரிந்தாலும் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். அவள் முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் அவளை 'யூ-டர்ன்' என்கிறார்கள். அவள் காதில் அது விழுந்திருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த மாணவரைக் கூப்பிடுகிறாள்.