நீலம் பூசாத இடம்

எங்க ஊருக்கு எந்த அதிகாரி வந்தாலும் முதல்ல உத்திரமேரூர் கல்வெட்டுல இருந்துதான் ஆரம்பிப்பாரு. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே குடத்துல ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த மண்ணாம் இது. கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப்போச்சு. அந்தக் குடத்துல எங்க வூட்டாளுங்க ஓலை ஒண்ணாவது இருந்துதான்னு கேக்கலாம்னு நினைப்பேன். யாரு கேக்க விட்டாங்க?

எண்பதுகளோட ஆரம்பத்துல, ஒரு கோடையில ஜீப்புல வந்த திட்ட அதிகாரியும் அங்கேர்ந்துதான் ஆரம்பிச்சாரு. நல்ல மனுஷன், பொய் சொல்லக்கூடாது. "இன்னும் இருபது வருஷத்துக்கு இந்த ஊர் எப்படி வளரணும், புது வீடுகள் எங்க வரணும்னு நீங்களே முடிவு பண்ணப் போறீங்க"ன்னாரு. வூடு வரப்போவுதுன்றது மட்டும்தான் என் காதுல விழுந்துது.

நான் அப்ப கைப்பிள்ளைக்காரி. கால்வாய் ஓரத்துல ஓலைக் குடிசை. ஐப்பசி பொறந்தா தண்ணி உள்ள வந்துடும். பிள்ளையத் தூளியில போட்டு உசரத் தூக்கிக் கட்டிட்டு, நானும் வூட்டுக்காரரும் விடிய விடியக் கயித்துக் கட்டில் மேல குந்திக்கினு இருப்போம். காஞ்ச தரையில ஒரு வூடு. அவ்ளோதான் நான் கேட்டது.

பள்ளிக்கூடத்துச் செவுத்துல ஊர்ப்படத்தைப் பெருசா மாட்டி, டப்பா நிறைய நீல சாக்பீசு வச்சாரு அதிகாரி. "மழைக்காலத்துல தண்ணி நிக்கிற இடத்துக்கெல்லாம் நீங்களே வந்து நீலம் பூசுங்க. பூசாம மிஞ்சுற மேட்டுல வீடு கட்டிடலாம்"னாரு.

அங்கதான் மனுஷன் கோட்டை விட்டாரு. மேட்டு நெலம்னா சர்க்காரு எடுத்துக்கும்னு நெலம் வச்சிருந்தவங்களுக்கெல்லாம் ஒரே நேரத்துல மண்டையில உறைச்சுடுச்சு. பஞ்சாயத்துத் தலைவர் எழுந்துபோய் அவரு கடலைக் கொல்லைக்கு நீலம் பூசினாரு. "இடுப்பளவு நிக்கும் சார்"னு ஒரு பெருமூச்சு வேற. பின்னாலேயே அவரு பங்காளி போனாரு. தலைவருக்கு இடுப்பளவுன்னா பங்காளிக்குக் கம்மியா இருக்குமா? "நம்மளுது கழுத்தளவு சார்." சவுக்குத் தோப்பு முழுவிடுச்சு, மாந்தோப்பு முழுவிடுச்சு. அட, நெல்லு காயவைக்கிற களத்துக்கே நீலம் பூசினாங்கன்னா பாருங்களேன்! சாக்பீசு தீந்துபோயி, பள்ளிக்கூடத்து அலமாரியத் தெறந்து எடுத்தாந்தாங்க.

எனக்குப் பத்திக்கினு வந்துது. பிள்ளைய இடுப்புல வச்சிக்கினே எழுந்துட்டேன். "சார், அந்தக் கடலைக் கொல்லையிலதான் நான் களை வெட்றேன். அங்க குடிக்கிற தண்ணியக்கூட நாங்கதான் குடத்துல தூக்கினு போறோம். அங்க எங்க சார் இடுப்பளவு?"

தலைவர் கோவப்பட்டிருந்தாக்கூடப் பரவால்ல, சிரிச்சாரு. "அந்தப் பொண்ணு மாகறல் பக்கத்துலேர்ந்து வாக்கப்பட்டு வந்துது சார். நம்ம ஊரு இன்னும் புரியல."

வூட்டுக்காரர் என் முந்தானையப் புடிச்சு இழுத்தாரு. "சும்மா குந்துமே. நாளைக்கு அவரு கொல்லைக்குத்தான் வேலைக்குப் போவணும்."

அதிகாரி என்னை அன்பாத்தான் பாத்தாரு. "எல்லாரும் சொல்றதைத்தானேம்மா நான் எழுத முடியும்?"னாரு.

கடைசியில படத்துல ஒரே ஒரு இடம் வெள்ளையா மிஞ்சுச்சு. ஏரி! கோடைக்குத் தரை வெடிச்சு, முள்ளுச்செடி மண்டிக் கெடந்துது. அது யாரு சொத்தும் இல்ல, அதனால எழுந்துபோய் நீலம் பூச ஒரு ஆளு இல்ல. "இது என்ன இடம்?"னு அதிகாரி கேட்டாரு. ஊரு நெலக் கணக்கு பாத்த கணக்குப்பிள்ளைக்கும் மேட்டுல நெலம் இருந்துது. "தூர்ந்துபோன ஏரி சார். தண்ணி வந்தே எவ்ளோ நாளாச்சு, மாடுதான் மேயுது"ன்னாரு. "பாத்தீங்களா, ஊரே ஒண்ணு கூடினா எவ்வளவு சுலபமா முடிவு கெடைக்குது"ன்னு அதிகாரிக்கு முகமெல்லாம் சந்தோஷம். நான் மறுபடியும் வாயத் தெறந்தேன். கைதட்டல்ல அது யாரு காதுலயும் விழல.

வூடு வந்துது. சிமெண்டுக் கூரை, சுண்ணாம்பு அடிச்ச செவுரு. சந்தோஷப்படலன்னு சொன்னா என் நாக்கு அழுவிடும். செவுத்தைத் தடவித் தடவிப் பாத்தேன். பால் காய்ச்சின அன்னிக்கு அழுதேன். ஏரியில வூடு கட்டினா இன்னா, வூடு வந்ததுலேர்ந்து மழதான் செரியா பேயலியேன்னு மனசத் தேத்திக்கினேன். மழையும் கொஞ்ச காலம் என் பேச்சைக் கேட்டுது.

அப்புறம் ஒரு ஐப்பசியில கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சு. முழங்கால் தண்ணி வூட்டுக்குள்ள. சமையல் பாத்திரத்துல கெண்டைக் குஞ்சு ஓடுது! தலைவர்கிட்ட ஓடினோம். "ஊரே கூடி எடுத்த முடிவாச்சே, நான் ஒருத்தன் எப்படி மாத்தறது?"ன்னாரு. அடப்பாவி மனுஷா!

வேற வழி? வேலை விட்டு வர்றப்பல்லாம் ஆளுக்கொரு கூடை மண்ணு தூக்கினு வந்து வூட்டுக்குள்ளேயே கொட்டி, மிதிச்சு, சாணி போட்டு மெழுவினோம். ஒவ்வொரு மழைக்கும் தண்ணி கொஞ்சம் ஏறும், நாங்களும் தரைய ஏத்துவோம். சிமெண்டுக் கூரை மட்டும் எங்களோட சேந்து ஏறல.

கொஞ்ச வருசம் கழிச்சு வேற ஒரு அதிகாரி வந்தாரு. அடுத்த திட்டத்துக்கு மக்கள் கருத்து கேக்கணுமாம். நல்லவேளை, கல்வெட்டுக் கதைய வாசல்லயே முடிச்சுட்டு, குனிஞ்சு உள்ள வந்து கட்டில்ல உக்காந்தாரு. எதிர்ல எங்க வூட்டுக்காரர் தலையக் கவுத்துக்கினு நின்னாரு. அதிகாரிக்கு மனசு கேக்கல.

"எதுக்குங்க இப்படித் தலை குனிஞ்சு நிக்கிறீங்க? இது உங்க வீடு. நிமிந்து நின்னு பேசுங்க."

வூட்டுக்காரர் என்னைப் பாத்தாரு. நான்தான் சொன்னேன்.

"நிமிந்தா தலை இடிக்கும் சார்."