சட்டைப் பையில் சிலுவை

பிள்ளைகளா, நம் வில்லாபுரம் வீட்டை வாடகைக்கு விட நேற்று போட்டோ எடுத்தோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"அண்ணே, ஹால்ல இருக்க சிலுவையக் கழட்டிட்டு எடுங்க. அப்பத்தான் எல்லா ஆளுகளும் வருவாக" என்று புரோக்கர் போனில் சொன்னார். கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். அதன் முனை நெஞ்சில் குத்தியதும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு அப்போது ஆறு வயது. திருநகரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். தெருமுனையில் அம்மா தன் சிலுவைச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்க, அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்த வீடு. எல்லாம் பேசி முடித்த வீட்டுக்காரர், "என்ன மாப்ள, வீடு பிடிச்சிருக்கா?" என்று என் கன்னத்தைத் தட்டினார். சபையில் பெரியவர்களுக்குச் சொல்லப் பழக்கியிருந்தபடி கைகூப்பி, "ஸ்தோத்திரம் மாமா" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "சொல்லி அனுப்புறேன்" என்றார். ஆள் வரவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். "நீ தப்பா ஒண்ணும் சொல்லலடா. நாங்கதான் மறைச்சோம்" என்றார் அப்பா. ஆனாலும் அதன்பிறகு வெளியாள் யாருக்கும் நான் ஸ்தோத்திரம் சொன்னதில்லை.

சின்னவளே, நேற்று நீ கேட்டாய்: "இது நம்ம வீடுதானப்பா, யாருக்குப் பயந்து கழட்டுற?" நான் போட்டோக்களைப் புரோக்கருக்கு அனுப்பிவிட்டேன்.

இன்று காலை சிலுவையை அதே ஆணியில் மாட்டி, ஹாலை மறுபடி போட்டோ எடுத்தேன். புரோக்கருக்கு அனுப்ப இன்னும் விரல் தயங்குகிறது. நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் அனுப்பிவிட வேண்டும்.