பெரியப்பா வீட்டுக்குப் போன குடம்

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. வடக்கே எங்கெங்கோ போய் ஆழ்துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். எங்கள் மரவள்ளிக் காட்டில் மட்டும் புழுதி பறந்தது. மழை அடியோடு நின்றுவிடவில்லை. வரவேண்டிய மாதத்தில் வராமல், நினைத்த நாளில் வந்து கொட்டிவிட்டு, இறுகிப்போன மண்ணில் இறங்காமல் ஓடையோடு போய்விடும். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த கோடையில் எங்கள் போர் வெறும் காற்றைத் துப்பியது.

அப்பா புதுப் போர் போட முடிவு செய்தார். தண்ணீர் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்தார். பெரியப்பாவின் வேலியோரம் போனதும்தான் தேங்காய் எழுந்து நின்றது.

"இங்கதானுங்க. நல்ல ஊத்து ஓடுது."

ஊற்று எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் ரிக் வண்டி வந்தது. காதைப் பொத்திக்கொண்டு பார்த்திருந்தோம். பறந்த வெள்ளைப் புழுதி மதியத்துக்கு மேல் சேறாகி, சட்டென்று தண்ணீர் பனை உயரம் பீறிட்டது. அம்மா அழுதேவிட்டாள். நான் பாவாடையோடு சேற்றில் குதித்தேன்.

புதுத் தண்ணீரில் முதல் குடம் சாமிக்கு, அடுத்தது பங்காளி வீட்டுக்கு. அதுதான் எங்கள் வழக்கம். அம்மா குடத்துக்கு மஞ்சள் பூசி என் இடுப்பில் வைத்தாள்.

"பெரியம்மாகிட்டக் குடுத்துட்டு வா சாமி."

அங்கே பெரியப்பா மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். குழாயில் சொட்டுக்கூட இல்லை. கட்டுத்தறியில் மாடுகள் கத்தின.

"பெரிம்மா, எங்களுக்குத் தண்ணி வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே போனேன்.

"தெரியுது கண்ணு," என்றார் பெரியம்மா. குடத்தை வாங்கி அப்படியே மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தார். மாடுகள் முட்டி மோதிக் குடித்தன. பெரியப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. வந்த பாத்திரத்தில் ஒரு கைப்பிடி தானியமாவது போட்டுத்தான் திருப்பித் தருவார்கள். அன்று வெறுங்குடம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து கோள் சொன்னேன். அம்மாவின் முகம் செத்துப்போனது. "சும்மா இரு" என்று மட்டும் சொன்னாள். அந்த மாதமே பெரியப்பா மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போனார். எங்கள் போரும் அடுத்த கோடையைத் தாண்டவில்லை.

பெரியம்மாவுக்கு எங்கள்மேல் வயிற்றெரிச்சல் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அன்று காலைவரை அவர்கள் குழாயில் வந்துகொண்டிருந்த தண்ணீரைத்தான் மஞ்சள் பூசி அவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.