காபரேற்றர் கழுவிய குளிர்காலம்

பியர்பொன்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பிரெஞ்சுக் கிழவர் தனியாக இருந்தார். என் கணவருக்கும் அவருக்கும் பல வருடமாக இருந்த பழக்கம் ஒரு ‘பொன்ஜூர்’ வணக்கம் மட்டும்தான். கணவருக்குப் பிரெஞ்சு வராது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் வண்டிகளைத் திருத்துகிறவர், அங்கே ஆங்கிலத்தில் சமாளித்துவிடுவார். நான் ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களோடு கதைத்துக் கதைத்தே எனக்குப் பிரெஞ்சு வந்தது. அதனால்தான் இதற்குள் நானும் அகப்பட்டேன்.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, வளவில் இலை வாரிக்கொண்டிருந்த கணவர் வாரியைப் போட்டுவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். கிழவரின் கராஜ் திறந்திருந்தது. உள்ளே துருப்பிடித்த ஒரு மோட்டார் சைக்கிள்.

“இப்பிடி ஒண்டை நான் கண்டதே இல்லை. என்ன சைக்கிள் எண்டு கேளும்.”

கேட்டேன். கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. பனியில் ஓடும் வண்டி செய்கிற தொழிற்சாலையில் அவர் வேலை செய்தவராம். கோடையிலும் விற்க ஏதாவது வேண்டும் என்று, பரீட்சித்துப் பார்க்க மூன்று மோட்டார் சைக்கிள் செய்தார்களாம். பிறகு முதலாளிமார் மனம் மாறிவிட்டார்கள். இரண்டை வெட்டி இரும்புக்குப் போட்டார்கள். மூன்றாவதை இவர் கெஞ்சி வாங்கி வந்துவிட்டார். அதற்கு ஒரு பெயர்கூட வைக்கப்படவில்லை. ஓடவைக்க ஆசை, ஆனால் கை நடுங்குகிறது என்றார்.

அடுத்த சனிக்கிழமை என் கணவர் திருத்து வேலைக்கான ஆயுதப் பெட்டியோடு அங்கே போய்விட்டார்.

அந்தச் சைக்கிளுக்கு உதிரிப்பாகம் விற்கிற கடை உலகத்தில் இல்லை. எல்லாவற்றையும் செய்யவேண்டியிருந்தது. எஞ்சின் மூட்டுகளை அடைக்கிற கேஸ்கற்றைத் தகட்டிலிருந்து கணவர் கத்தரியால் வெட்டினார். பிஸ்ரன் வளையத்தைக் கடைசல்காரர் ஒருவரிடம் கொடுத்துச் செய்வித்தார். கிழவர் கதிரையில் இருந்தபடி ஒவ்வொன்றும் எப்படிப் பொருந்தும் என்று சொல்லுவார். கவிழ்த்துவைத்த பெயின்ற் வாளியின் மேல் இருந்துகொண்டு நான் மொழிபெயர்ப்பேன். பாதிச் சொற்கள் எனக்கு எந்த மொழியிலும் தெரியாது. போகப்போக அவர்கள் கையாலேயே கதைத்தார்கள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோகிறவளாக மட்டும் ஆனேன்.

தை மாதத்தில் ஒரு நாள், நட்டுக் கழற்றுகிற ஏதோ சாவி எடுக்கக் கணவர் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தார். கிழவர் என்னிடம் மெல்லச் சொன்னார்.

“எனக்கு வயிற்றில் புற்றுநோய். கோடையைக் காணமாட்டேன். உன் கணவரிடம் சொல்லாதே. பிறகு அவர் என்னை நோயாளியாகத்தான் பார்ப்பார்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “மருந்து என்னைக் கொல்லுகிறது. இது ஒருமுறை ஓடுகிற சத்தத்தைக் கேட்டால் போதும். பிறகு மருந்தை விட்டுவிடுவேன்.”

தலையாட்டினேன். ஆனால் அதைத் தனியே சுமக்க என்னால் முடியவில்லை. அன்று சாப்பாட்டு மேசையிலேயே கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“எனக்குத் தெரியுமெண்டு காட்டிக்கொள்ளாதையும்” என்றார்.

அதற்குப் பிறகு வேலை நகரவில்லை. எஞ்சினுக்குப் பெற்றோல் ஊட்டுகிற காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார். பூட்டினார். அடுத்த கிழமை திரும்பவும் கழற்றினார். “உள்ளுக்கை ஊத்தை கிடக்கு எண்டு சொல்லும்” என்பார், நானும் சொல்லுவேன். மூன்றாம் முறை, பனியை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

“அது துப்பரவாத்தானே கிடக்கு?”

“ஓம்.”

“பேந்து ஏனப்பா கழுவுறீங்கள்?”

“வேலை முடிஞ்சால் மனுசன் மருந்தை விட்டிடுவார் எண்டு நீர்தானே சொன்னனீர்.”

அவர் செய்வது சரி என்றுதான் அப்போது பட்டது.

கிழவர் மெலிந்துகொண்டே போனார். வாளி ஒன்று அவர் கதிரைக்குப் பக்கத்தில் எப்போதும் இருந்தது. மருந்தின் வேகத்தில் அதில் சத்தி எடுப்பார், வாயைத் துடைப்பார், திரும்ப எஞ்சினைப் பார்ப்பார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “உன் கணவர் நல்ல மெக்கானிக். ஆனால் மிகவும் மெதுவானவர்.” அப்படியே தமிழில் சொன்னேன். கணவர் குனிந்த தலை நிமிரவில்லை. வேண்டுமென்றே இழுப்பது கிழவருக்கு விளங்கியிருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் அம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிப் போனது. திரும்பி வரவில்லை.

வீட்டை ஒதுக்கக் கிழவரின் மகள் வந்தார். சைக்கிளை வாங்கப் பழைய வண்டிகள் சேர்க்கிற ஒருவர் வருகிறார், ஏற்ற உதவ முடியுமா என்று கேட்டார். போனோம். வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஓடுமா?” என்றார்.

கணவர் பெற்றோலில் ஒயிலைக் கலந்து ஊற்றினார். கிக்கரை உதைத்தார். திரும்ப உதைத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கராஜ் முழுக்க நீலப் புகை. சத்தம் ஒழுங்காக, பிசிறில்லாமல் வந்தது. வந்தவர் கைதட்டினார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். கணவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நிற்பாட்டினார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே படியில் இருந்தார்.

“ரெண்டே ரெண்டு உதை. தையிலேயே ஓடியிருக்கும். மனுசன் கேட்டிருப்பார்.”

“நீங்கள் இழுத்தபடியால்தான் அவர் இவ்வளவு நாளும் இருந்தவர்.”

“இருந்து என்ன செய்தவர்? அவ்வளவு சத்தியும் என்னாலைதானே எடுத்தவர்.”

நானும் படியில் அவர் பக்கத்தில் இருந்தேன்.

அந்த வீட்டில் இப்போது ஒரு இளம் குடும்பம் இருக்கிறது. நல்ல சனம், பொன்ஜூர் சொல்லுவார்கள். என் கணவர் சனிக்கிழமைகளிலும் டோர்வலுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்.