பதினேழாம் நம்பர் துப்பாக்கி

வாட்ஸ்அப்பில் வந்த ஒரே ஒரு படத்தைப் பார்த்து, அதுவும் கண்ணாடி போடாமல், ஒரு துப்பாக்கிக்கு ஜாதகம் எழுதிக் கொடுத்தவன் நான். பாளையக்காரர் போரில் வெள்ளைக்காரனைச் சுட்டது என்று சொல்லிவிட்டேன். கேட்டவர் சின்னையா, விராலிமலைப் பக்கம் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். திருச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. நான் சரித்திர ஆராய்ச்சி செய்கிறவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அப்பளம் நொறுங்குவதற்குள் தீர்ப்பு வழங்கியாயிற்று.

போன வாரம் அவரே போன் செய்தார். வருகிற ஞாயிறு பங்காளிகள் எல்லாம் கூடும் குலதெய்வப் படையலில் துப்பாக்கியை வைத்து, என் வாக்கையும் வாசிக்கப்போகிறாராம். அன்றுதான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தேன். அது கேப்புத் துப்பாக்கி. சின்னச் செப்புத் தொப்பியை மாட்டி, மேலே சுத்தியல் மாதிரி இருக்கும் குதிரை வந்து அடித்தால் வெடிக்கும் வகை. பாளையக்காரர் போர் முடிந்து ஒரு தலைமுறை போன பிறகே அது பட்டாளத்துக்கு வந்தது. போதாக்குறைக்கு, அந்தப் போரில் விராலிமலையை ஆண்ட புதுக்கோட்டை நின்றது வெள்ளைக்காரன் பக்கம்.

வியாழன் காலை 7.40. திருச்சியில் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர், முப்பது ரூபாய். வாக்கைத் திரும்பப் பெறுவதற்கு இது மலிவு.

8.35. விராலிமலை. ஒரு டீ, பதினைந்து ரூபாய். பெட்ரோல் பங்க் சுவரில் ஒரு மயில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது. ஆட்டோக்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னேன். இலுப்பூர் சாலையில் ஆறு கிலோமீட்டர்.

“துப்பாக்கி வீட்டுக்கா? நூத்தம்பது குடுங்க. ஞாயித்துக்கெழமை அங்கிட்டு விசேசம். பிளெக்ஸ் வச்சிருக்காக. ஆராய்ச்சியாளர் ஒருத்தர் படமும் போட்டிருக்காக.”

“எப்படி இருக்கிறார்?”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஒங்களாட்டமேதான். ஆனா அவரு படிச்சவரா தெரியிறாரு.”

ஊர் முக்கில், பிளெக்ஸில், எட்டடி உயரத்தில் நின்றிருந்தேன். ஏதோ குடும்பப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள்; என் தோளுக்குப் பக்கத்தில் வெட்டுப்படாமல் தப்பிய மச்சினியின் தோள்.

9.10. சின்னையா பட்டு வேட்டியில் சுற்றி வைத்திருந்ததைப் பாயில் கிடத்தினார். நாலரை அடிக்குச் சற்று மேல். குழாயை மரத்தோடு பிணைக்கும் மூன்று இரும்புப் பட்டைகளும் இருந்தன. குழாய்க்கு, ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் வெள்ளிப் பெயிண்ட். மருந்து கிட்டிக்கும் கம்பி தொலைந்துபோய், அந்த இடத்தில் திரைச்சீலைக் கம்பி. கேப்பு உட்காரும் துளையை அவர் அப்பா காலத்திலேயே வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள். இனி அது யாரையும் சுடாது. குழாயின் வாயில் சுண்டு விரலை விட்டுத் தடவினேன். திருகிப் போகும் மூன்று வரிப்பள்ளங்கள். ஆக, ரைஃபிள்தான். மரத்தில் மங்கலாக ஓர் அம்புக்குறி, சர்க்கார் சொத்து என்பதற்கு அடையாளம். குதிரைக்குப் பக்கத்து இரும்புத் தகட்டில் அரைக் கிரீடம். தள்ளி ‘18’ என்று ஆண்டின் முன்பாதி. பின்பாதியைக் காணோம்.

“வருசா வருசம் சரசுவதி பூசைக்கு வெளக்கோட சேத்துத் தேய்ப்பேன் சார்,” என்றார் சின்னையாவின் மனைவி ராணி. “பித்தளைக்குப் புளி, இரும்புக்குச் செங்கப்பொடி.”

“எழுத்தெல்லாம் போய்விட்டதே அம்மா.”

“அழுக்கோடவா சாமிக்கு வைப்பாக?”

தொண்டையைச் செருமிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். இது வெள்ளைக்காரனைச் சுட்டதில்லை, வெள்ளைக்காரப் பட்டாளத்துத் துப்பாக்கி; எப்படி இங்கே வந்தது என்று எனக்குத் தெரியாது; அன்று சொன்னது தப்பு.

சின்னையா துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பங்கு பிரிச்சப்ப பெரியப்பா வீட்டுக்குக் கெணத்து வயலு சார். எங்கப்பாவுக்கு இது. முப்பது வருசமா எங்கள ‘கம்பி வாங்குனவுக’ன்னுதான் கேலி பேசுறாக. இந்த ஞாயித்துக்கெழமையோட அது ஒழியும்னு நெனச்சேன்.”

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் அத்தோடு வாயை மூடியிருக்க வேண்டும். துப்பாக்கிக் கட்டையின் அடிப்பக்கத்துப் பித்தளைத் தகட்டைத் திருப்பினேன். பொடிப் பொடிப் புள்ளிகளாக ‘17’.

“இங்கே பாருங்கள்,” என்றேன். “பட்டாளத்தில் துப்பாக்கிக்கு எண் போடுவார்கள். பதினேழாம் நம்பர் சிப்பாய் ஒருவன் இதைத் தோளில் சுமந்திருக்கிறான். அவன் உங்கள் வீட்டு ஆளாகவே இருக்கலாம்.”

சின்னையா நிமிர்ந்தார். “பதினேழாம் நம்பரு,” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ராணி அடுப்படியிலிருந்து மோர் கொண்டுவந்தார். அங்கே கவிழ்த்திருந்த குடங்களிலும் அதே மாதிரிப் புள்ளியில் ஏதேதோ வெட்டியிருந்ததைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

11.50. திரும்பும் பஸ். என் வீட்டுப் பரணில் நான் வாங்கிய பட்டங்கள் இரண்டு கிடக்கின்றன. எழுத்து அழியாமல் அப்படியே இருக்கின்றன, யாரும் தேய்ப்பதில்லை. தேய்த்துத் தேய்த்து அழித்தாலும் அங்கே ஒரு பொருளுக்கு வருஷத்தில் ஒரு நாள் பொட்டு விழுகிறது. இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு, செய்த தப்பைத் திருத்திய நிம்மதியில் தூங்கிப்போனேன்.

திங்கட்கிழமை சின்னையாவின் போன் வந்தது. பேசியது அவருடைய பெரியப்பா மகனின் மனைவி, கிணற்று வயல் வீட்டு அண்ணி.

“ஆராய்ச்சித் தம்பிங்களா? பங்கு பிரிச்சப்ப பித்தளைச் சாமானுக்கெல்லாம் பாத்திரக்கடை ஆள வரச்சொல்லி நம்பரு வெட்டுனோம். இந்தத் துப்பாக்கிக்கும் அடியில பித்தளை இருக்கவும் அந்தக் கணக்குல சேத்துட்டாக. பதினாறு எங்க வீட்டு அண்டா. அதைத் தூக்கிட்டு வந்த சிப்பாயி யாருன்னு, ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லிட்டுப் போங்க.”