சித்தி தைத்த காற்றுத் தடுப்பு

எங்கள் சித்தப்பா வாங்கிய காருக்கு மேல்மூடி கிடையாது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டபோது, மூடி கிழிந்து கம்பி மட்டும் மிஞ்சியிருந்த அந்தத் திறந்த காரை இவர் எங்கள் ஊரான மண்ணரைக்கு ஓட்டி வந்து வீட்டு முன் நிறுத்தினார். ரோட்டில் போனால் டீக்கடையில் நிற்பவர்கள், "ஏனுங்க, மாப்பிள்ளைய எங்கீங்க எறக்கி உட்டீங்க?" என்பார்கள். சித்தப்பா சிரித்துக்கொண்டே போவார். பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. கீழே பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின், மேலே வீடு என்று இருந்த இடம் அது. பகலெல்லாம் அந்தச் சத்தத்தில் நின்றவர், மேலே வந்தாலும் தலையாட்டுவதோடு சரி.

சித்தப்பாவுக்கும் சித்திக்கும் கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. மாதாமாதம் கிருத்திகைக்குச் சிவன்மலை முருகனைக் கும்பிடப் போவார்கள். பிள்ளை வரம் கேட்கப் போகிறவர்கள் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது எங்கள் அப்பாவின் கட்டளை. ஐந்தாம் வகுப்பு படித்த நான்தான் அந்தப் பிள்ளை. எனக்கு ஒதுக்கிய இடம் பின் சீட்டு. ஆனால் நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. முன் சீட்டு இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பேன். உலகத்திலேயே நல்ல இடம் அதுதான் என்று எனக்கு எண்ணம்.

அந்தக் காரில் சித்திக்கு ஒரே தொந்தரவு, காற்று. சித்தப்பா முன் கண்ணாடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வைத்துக் கட்டிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. சித்தி எங்கள் யூனிட்டில் துணி செக்கிங் பார்ப்பவர். ஓடுகிற துணியில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் அவர் விரல் அங்கே போய் நிற்கும். அவர்தான் ஒரு நாள் சொன்னார்: "காத்து முன்னால இருந்து வந்தா என்ற முந்தானை பின்னாலதானுங்க பறக்கோணும்? மூஞ்சி மேல வந்து உழுகுது பாருங்க. கண்ணாடியத் தாண்டிப் போற காத்து பின்னாடி போயித் திரும்பி வருதுங்க."

சித்தப்பா யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்த வாரம் சித்தி இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். வயர் போகிற பிளாஸ்டிக் பைப்பை வளைத்து ஒரு சட்டம் செய்தார். விளையாட்டு பனியனுக்கு மெஷினில் ஓட்டிய வலைத்துணியில், சாயம் சரியாக ஏறாமல் கழித்துப் போட்ட துண்டு ஒன்றை எடுத்து, ஓரத்தை ஓவர்லாக் அடித்து, தட்டினால் சத்தம் வருகிற மாதிரி அந்தச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். முன் சீட்டுகளின் முதுகில் எலாஸ்டிக்கால் பிணைத்தார். முழுத்துணி ஆகாதா என்று கேட்டேன். "அது காத்த மல்லுக்கட்டி இழுக்கும் கண்ணு. இதுல ஓட்டை இருக்குதல்ல, சலிச்சு மெதுவா உடும்" என்றார்.

அப்பா சுற்றி வந்து பார்த்தார். "மேல கூரையே இல்லாத வண்டிக்குப் பின்னால செவுரு எதுக்குடா?" என்று தம்பியைக் கேட்டார். சித்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். தலை கலையாமல் இருக்கத்தான் இந்தப் பாடு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

அந்தக் கிருத்திகைக்குக் காரில் ஏறியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நான் தலை நீட்டுகிற சந்தை அந்த வலை மூடிவிட்டது. "இன்னைக்கு உக்காந்துட்டு வா கண்ணு" என்றார் சித்தி. காற்றெல்லாம் என் மேல் விழுந்தது. முன்னால் சித்தியின் தலையில் ஒரு பூ அசையவில்லை. அதைவிட அதிசயம், அவர்கள் பேசினார்கள். சித்தி ரோட்டைப் பார்த்தபடியே நெடுநேரம் என்னவோ சொல்லிக்கொண்டு வந்தார். எப்போதும் விரட்டி ஓட்டுகிற சித்தப்பா வேகத்தைக் குறைத்தார். ஒரு மொபெட்கூட எங்களை முந்திப் போனது. எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

மலையில் கும்பிட்டு முடித்ததும், இன்னொரு சுற்று வரலாம் என்றார் சித்தி. நான் கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் காருக்கு வந்தேன். என் கவுன் பையில் நூல் பிசிறு வெட்டுகிற சின்ன கட்டர் இருந்தது. எங்கள் வீட்டில் அது எல்லா மூலையிலும் கிடக்கும். வலையின் மேல் ஓரத்தில் ஒரே ஒரு கண்ணியை வெட்டினேன். இரண்டாவதைத் தொடவில்லை. பனியன் துணியில் ஒரு கண்ணி போனால் போதும், இழுக்க இழுக்க அதுவே ஏணிப்படி மாதிரி கீழே ஓடிவிடும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெற்றியில் வைத்த விபூதி கலையும் முன்பே அதைச் செய்தேன்.

திரும்பும்போது கொஞ்ச தூரம் வலை தாங்கியது. சித்தி மறுபடி பேச ஆரம்பித்திருந்தார். பிறகு சர்ரென்று ஒரு சத்தம். வலை மேலிருந்து கீழே பிளந்தது. பேசிக்கொண்டிருந்த சித்தியின் முகத்தை முந்தானை வந்து மூடியது.

"என்ன சொன்ன? கேக்கல" என்றார் சித்தப்பா.

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொள்ள சித்திக்குச் சற்று நேரமானது. "ஒண்ணுமில்லீங்க. ஓட்டுங்க."

சித்தப்பா வேகமெடுத்தார். நான் அந்தக் கிழிசல் வழியாக என் சந்துக்குள் தலையை நீட்டினேன்.

வீட்டில் அந்தத் துணியை செக்கிங் மேசை மேல் விரித்தார் சித்தி. விரல் கிழிசலோடு மேலே போய், தொடங்கிய இடத்தில் நின்றது. அறுந்த கண்ணிக்கும் வெட்டிய கண்ணிக்கும் வித்தியாசம் தெரியாதவரல்ல அவர். என்னைப் பார்த்தார். என் கை பைக்குள் இருந்தது.

"என்னாச்சு?" என்றார் அப்பா.

"மெஷின்ல ஊசி ஒடஞ்சு ஓடுன துணிங்க. நான்தான் பாக்காம உட்டுட்டனுங்க."

அதற்குப் பிறகு அவர் வேறு வலை தைக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மூன்று வருடம் கழித்து அவர்கள் பத்து மாதக் குழந்தை ஒன்றை முறையாகத் தத்து எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். பெண் குழந்தை. அன்றைக்குச் சமையலறையில் சித்தி என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இத நான் மொதல்ல கேட்டது சிவன்மலை ரோட்டுலதானுங்க அக்கா. ஊட்டுல எத்தன காது. வண்டியிலதான் பேச முடியும். போறப்ப மத்த பேச்செல்லாம் அவங்க நல்லாத்தான் கேட்டுட்டு வந்தாங்க. வர்றப்ப ஒரு புள்ளைய எடுத்து வளக்கலாமான்னு கேட்டேன், அதக் காத்து கொண்டுட்டுப் போயிருச்சு. மறுக்கா வாயெடுக்கறதுக்கு எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு."

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தையை இரண்டு வருடம் வாசலில் நிறுத்திவைத்தவள் நான் என்று தோன்றியது.

அந்தக் கார் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. இப்போது சித்தப்பாவிடம் இருப்பது மூடிய கார். அந்தக் குழந்தை பிளஸ் டூ படிக்கிறாள். முன் சீட்டில் உட்கார்ந்து ஓயாமல் பேசுகிறாள். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார். சித்தி அந்த கட்டரைப் பற்றி இன்றுவரை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அவர்களோடு சிவன்மலைக்குப் போகும்போதெல்லாம், முருகனிடமாவது சொல்லிவிடுவோம் என்று கண்ணை மூடுகிறேன். அதற்குள் அவள் வந்து, "வாங்க அக்கா, கூட்டம் வருது" என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். நான் அந்தக் கண்ணியை வெட்டிய நாளில் இவள் எந்த வயிற்றிலும் இல்லை. அன்றைக்கு சித்தப்பாவின் காதில் விழுந்திருந்தால் வேறு ஒரு குழந்தை வந்திருக்கும். இவள் வந்திருக்க மாட்டாள். கேட்க வந்த மன்னிப்பை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், விபூதியை வாங்கி அவள் நெற்றியில் வைத்துவிட்டு இறங்கி வருகிறேன்.