முப்பதாவது வரி இல்லாத திரை

"ஏட்டி, நம்ம வீட்டுல ஒருத்தரும் பள்ளிக்கூட வாசல மிதிச்சதில்ல. நீ போயி டிவிப் பொட்டிக்குள்ள எழுத்த ஒக்கார வைக்கப் போறியாக்கும்?" என்று கேட்டார் என் தாய்மாமா.

"ஆமா மாமா, ஒக்காரத்தான் வைக்கப் போறேன்" என்றேன்.

தொண்ணூறுகளில், மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போய் 'சி' என்ற கணினி மொழி படித்துக்கொண்டிருந்தேன். பயிற்சி மையம் நடத்திய சார் ஒருநாள் சொன்னார்: "ஸ்ரீவில்லிபுத்தூர்ல கிளை திறக்கோம். பாடம் எடுக்க ஆள் வேணும். சனிக்கிழமை மார்க் பதியுற ஸ்கிரீன் ஒண்ணு போட்டுக் காட்டுங்கம்மா. ஒவ்வொரு சொல்லும் அதது எடத்துல நிக்கணும்."

அந்த வேலை எனக்கு வேண்டும். வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

எழுத்து விழும் இடத்தைக் காட்டி மின்னும் கர்சர் எங்கே போக வேண்டும் என்பதை 'கோ டு எக்ஸ் ஒய்' (gotoxy) என்ற கட்டளைக்குள் இரண்டு எண்களாகக் கொடுக்க வேண்டும். தலைப்பு மூன்றாம் வரியில், முப்பதாவது எழுத்தின் இடத்தில். ஆகவே மூன்று, முப்பது. பெயருக்கு எட்டு, இருபது. அதன் கீழே மார்க்குக்குப் பத்து, இருபது.

நிரலை ஓட்டிப் பார்த்தேன். தலைப்பு இடது மேல்மூலையை விட்டு நகரவில்லை. பெயரும் மார்க்கும் திரையின் அடிப்பக்கம் ஒரே வரியில் விழுந்தன. பெயரின் பாதியைத் தின்றுவிட்டு நின்றது மார்க்.

"படியில தொங்குது ஒன் எழுத்தெல்லாம். ஒரு கண்டக்டரக் கூட்டிட்டு வாட்டி" என்று சிரித்தாள் பக்கத்தில் இருந்த தோழி.

"செத்த நேரம் சும்மா இருட்டி" என்றேன்.

தலைப்பு மட்டும் ஏன் நகரவே இல்லை? திரையில் இருப்பது இருபத்தைந்து வரிகள். இந்த இயந்திரம் முப்பதை வரி என்று எண்ணியிருந்தால்? இல்லாத வரிக்கு எப்படிப் போகும்!

அப்போதுதான் பிடிபட்டது. அப்பா வேலை பார்த்த நூல்மில்லில் எதற்கும் வரிசை முந்தி. "ஆறாவது லைன், நாலாவது மிஷின்ல நூல் அந்துருச்சு" என்பார். வீட்டில் அதையே கேட்டு வளர்ந்தவள் நான். இந்தக் கட்டளைக்கோ குறுக்கே எத்தனையாவது இடம் என்பதுதான் முதலில், வரி பிறகு.

எண்களை இடம் மாற்றினேன். தலைப்பு நடுவில் போய் நின்றது. பெயரும் மார்க்கும் தனித்தனி வரியில் இறங்கின.

சனிக்கிழமை சார் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். "மொதல்ல தப்பா வந்துச்சா?" என்றார். வந்ததையும் கண்டுபிடித்ததையும் சொன்னேன். "இதையே அங்க பிள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். அடுத்த சில வாரங்களில், அம்புக்குறி விசைகளை அழுத்தினால் கர்சர் நான்கு திசையிலும் நடக்கும் நிரலை எழுதி முடித்தேன். மறுநாளே அதை வகுப்பில் ஓட்டியும் காட்டினேன்.